முட்டை வண்டிக்குக் கட்டிய காப்பு

அத்தியாயம் 3

வண்டி களவு போய் ஏழு மாதம் கழித்து, அதைத் தேடச் சொல்லி வருகிற ஒரு மனிதரை ஹபீபுன்னிசா இதற்கு முன் பார்த்ததில்லை. அதுவும் போலீஸ் ஸ்டேஷன் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் நேராக டவுன்ஹால் பக்கம் வந்து, மெத்தைக் கடை மாடியில் இருக்கும் ‘பீர் துப்பறியும் நிலைய’த்துக்குப் படியேறி வந்திருந்தார்.

பலகையில் இருக்கும் பீர் முகம்மது போய்ச் சேர்ந்து ஆறாவது மாதம் நடக்கிறது. அவர் மனைவி ஹபீபுன்னிசா இத்தா என்ற துக்க காலத்தை வீட்டோடு இருந்து முடித்து, போன மாதம்தான் வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததோடு சரி. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிவதில்லை. அழுகை வரும் என்று சொந்தபந்தம் காத்திருந்தது. அவளும் காத்திருந்தாள். வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. பதினேழு வருடம் புருஷனோடு சேர்ந்து பார்த்த வேலை மட்டும் பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“சொல்லுங்ணா,” என்றாள்.

வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நாற்காலி நுனியில் உட்கார்ந்த உடம்பு.

“பேரு ஆறுச்சாமிங்க. பல்லடத்துல கோழிப்பண்ணை. ஆம்னி வண்டிங்க, முட்டை போடற வண்டி.”

“கோழிதான் முட்டை போடும்னு இத்தன நாளா நெனச்சுட்டிருந்தனுங்க,” என்றான் சசிதர்.

சசிதர் ஹபீபுன்னிசாவின் உதவியாளன். முப்பத்தாறு வயதில் மூன்று தொழில் தொடங்கி மூன்றையும் மூடிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன். வாய் மட்டும் ஒரு நாளும் மூடியதில்லை.

ஆறுச்சாமி சிரிக்கவில்லை. “கடைகடையாப் போயி முட்டை போட்டுட்டு வர்ற வண்டிங்க தம்பி. ஆனி மாசம் காணாமப் போச்சு. போன செவ்வாக்கெழம நம்ம முட்டை யாவாரி ஒருத்தரு ஆர்.எஸ்.புரத்துல பார்த்துப்போட்டு போட்டோ புடிச்சு அனுப்பினாப்ல. எந்தத் தெருன்னு கேட்டா மறந்துபோச்சுங்கறாரு.”

“போலீசுக்குப் போகலீங்களா?”

“போலீசெல்லாம் வேண்டாமுங்க. வண்டிக்குள்ள யாரு இருக்காங்க, எங்கிட்டு நிக்குதுன்னு சாயந்திரத்துக்குள்ள சொல்லிப்போடுங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழம. வெள்ளெனப் பங்காளிக நாலு பேரைக் கூட்டிட்டு வந்து கையோட கூட்டிட்டு... எடுத்துட்டுப் போயிர்றேன்.”

“ஒரு ஆம்னிய எடுக்க நாலு பங்காளி எதுக்குங்ணா?”

அவர் மேசை மேலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

“ஆர்.சி. காப்பி ஒண்ணு வேணுங்களே.”

“என்ற வண்டிக்கு எனக்கெதுக்குங்க ஆர்.சி.? ஊட்டுல எங்கியோ கெடக்கும்.”

“ஊட்டுல அம்மிணிகிட்டக் கேட்டா, வண்டி எந்தத் தேதி போச்சுன்னு கரெக்டாச் சொல்லுவாங்களா?”

“அவ மேட்டுப்பாளையத்துல அண்ணன் ஊட்டுக்குப் போயிருக்கறா.” கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. எழுந்து கும்பிட்டார். “சாயந்திரத்துக்குள்ளங்க.”

அவருடைய செருப்புச் சத்தம் படியிறங்கிப் போகும் வரை காத்திருந்துவிட்டு, சசிதர் தன் போனுக்கு அவர் அனுப்பிவிட்டுப் போன படத்தை விரித்தான். ஒரு பெரிய மரம். மரத்தடியில் வெள்ளை ஆம்னி. பக்கவாட்டில் மஞ்சள் பெயிண்டில் ‘முட்டை’ என்று பாதி அழிந்த எழுத்து. நம்பர் பிளேட்டில் கடைசி நான்கு எண்கள் தெளிவாக இருந்தன: 4417. படத்தின் ஓரத்தில் நீலத் தார்ப்பாய் போட்ட இஸ்திரி வண்டி ஒன்று பாதி தெரிந்தது.

“எவனோ காலேஜ் பையன் ஆட்டயப் போட்டிருப்பானுங்க்கா. ஊட்டி, வால்பாறைன்னு ரெண்டு நாளு சுத்திப்போட்டு, டீசல் தீந்ததும் உட்டுட்டுப் போயிட்டான்.”

“ஆம்னி பெட்ரோல்ல ஓடும், சசி.”

“அதுனாலதாங்க்கா பாதியிலயே உட்டுட்டான்.”

ஹபீபுன்னிசா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். “இது என்னது?”

வண்டியின் பக்கக் கதவுக்கு நேர் மேலே, கூரை விளிம்பில், காய்ந்த இலைக்கொத்து ஒன்று தொங்கியது.

“இதுங்களா? காப்புங்க்கா. பொங்கலுக்கு மொத நாளு கட்டறது. வேப்பல, ஆவாரம்பூ, பூளப்பூ. நம்ம பக்கம் எல்லாரும் கட்டுவோம். ஊடு, கட்டுத்தறி, தோட்டம், வண்டி, ஒண்ணையும் உடமாட்டோம்.”

“உன்ற பைக்குக்கு எங்க கட்டின?”

“முன்னால, ஹெட்லைட்டுகிட்ட.”

“உங்க மாமா டிராக்டருக்கு?”

“அதுக்கும் முன்னாலதான். பம்பர்ல.”

“ஊட்டுக்கு?”

“நெலவுக்கு மேல. வாசக்காலுக்கு நேரா, உள்ள போறப்பத் தலையில...” சசிதர் நிறுத்திவிட்டுப் படத்தை மறுபடி பார்த்தான்.

“நீ பொறந்ததுலருந்து பார்க்கற. அதனால உன்ற கண்ணுக்குத் தெரியல. எங்களுக்கு அந்த வழக்கம் இல்ல, அதனால எனக்குத் தெரியுது. இத வண்டின்னு நெனச்சுக் கட்டல. ஊடுன்னு நெனச்சுக் கட்டியிருக்காங்க.”

“வண்டிக்குள்ள குடியிருக்காங்கங்கறீங்களா?”

“குடியிருக்காங்க. அவங்க உங்க பக்கத்து ஆளுக. இன்னொண்ணு கவனிச்சியா? வண்டி காணாமப் போனா எல்லாரும் வண்டி எங்கன்னுதான் கேப்பாங்க. இவரு மொதல்ல உள்ள யாருன்னு கேட்டாரு.”

சொல்லிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். முன்னெல்லாம் இப்படி ஒரு முடிச்சு அவிழும்போது அவளுக்கு உள்ளங்கை குறுகுறுக்கும், பீர் முகம்மதுவைத் திரும்பிப் பார்ப்பாள். இப்போது கை கையாகவே இருந்தது.

*

ஆர்.எஸ்.புரத்தில் தெருவுக்கு ஒரு இஸ்திரி வண்டி இருக்கிறது. எந்த வண்டிக்கு எந்தக் கலரில் கூரை என்பது இன்னொரு இஸ்திரிக்காரருக்குத்தான் தெரியும். மூன்றாவதாகக் கேட்ட ஆள், படத்தைப் பார்த்ததுமே இரண்டு தெரு தள்ளிக் கை காட்டினார்.

நீலத் தார்ப்பாய் இருந்தது. மரம் இருந்தது. ஆம்னி இல்லை.

“பறந்துபோச்சுங்க்கா,” என்றான் சசிதர், ஸ்கூட்டரை ஓரங்கட்டியபடி.

“கீழ பாரு.”

“குப்பைங்க்கா. ஒரே எலை.”

“எலை இல்லாத எடத்தப் பாரு.”

மரம் உதிர்த்த பொடி இலை ரோட்டோரம் முழுக்கப் பாய் விரித்தாற்போல் கிடந்தது. நடுவில் மட்டும் ஆம்னி அளவுக்கு ஒரு நீள்சதுரம் சுத்தமாக இருந்தது. அதன் ஓரத்தில், சக்கரத்துக்கு அணை கொடுக்கிற செங்கல் ஒன்றை யாரோ கால் தடுக்காத தூரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

“ராத்திரி பூரா நின்னுட்டுக் காலைல கெளம்பியிருக்கு. திரும்பியும் வரும். ஊரை உட்டே போறவங்க செங்கல்லப் பத்திரமா ஒதுக்கி வெக்க மாட்டாங்க.”

இஸ்திரிக்காரர் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சசிதர் போய் வணக்கம் வைத்தான்.

“ஏனுங்ணா, இந்த மரத்தடியில ஒரு முட்டை வண்டி நிக்குமே?”

“காலேஜுல படிக்கறவங்க எத்தனையோ வண்டி நிறுத்துவாங்க. நான் துணியப் பார்ப்பனா, வண்டியப் பார்ப்பனா?” என்றார் இஸ்திரிக்காரர். பெட்டியை அழுத்தித் தேய்த்தார்.

காலேஜ் என்று யாரும் கேட்கவில்லை. தானாக வந்த சொல்லை ஹபீபுன்னிசா மனதில் வாங்கி வைத்துக்கொண்டாள். கண் துணிமூட்டைகள் மேல் போனது. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தது. சீட்டில் வீட்டுக் கதவு எண். 14. 27ஏ. 31 மாடி. 9 பின்பக்கம். கடைசியில் கயிற்றில் தனியாக ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது. அதன் சீட்டில் 4417.

“சசி, இந்தத் தெருவுல எத்தன ஊடு இருக்கும்?”

சசிதர் சீட்டைப் பார்த்துவிட்டான். “அறுபது எழுபது இருக்குமுங்க்கா. நாலாயிரத்தி நானூத்திப் பதினேழாவது ஊடு எங்கிருக்குங்ணா? ஊட்டிலயா?”

இஸ்திரிப் பெட்டி நின்றது. கரியிலிருந்து ஒரு பொறி பறந்து அணைந்தது.

“கஸ்டமர் விசயம் நான் சொல்றதில்லீங்க,” என்றார் அவர். சொல்லாமலே எல்லாம் சொல்லியாகிவிட்டது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“கறுப்புக் கோட்டு. வக்கீலுக்குப் படிக்கற பையன்,” என்றான் சசிதர். “திருடறதையும் படிச்சுட்டுத் திருடறான், வெவரமானவன்.”

“பையன் கோட்டுல ஊக்கு எதுக்கு?”

கோட்டின் உள்பக்கம், மார்புக்கு நேராக, மூன்று ஊக்குகள் வரிசையாகக் குத்தியிருந்தன. சேலை கட்டுகிறவர்கள் எங்காவது அவசரத்துக்கு வேண்டியிருக்கும் என்று நினைத்து வைத்துக்கொள்கிற இடம் அது.

“அப்பப் பொண்ணு! லவ்வு மேட்டரு!”

ஹபீபுன்னிசா கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா மேல் இருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்தாள். பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் நூறு ரூபாய்க்கு விற்கிற ரகம்.

“பாக்கெட்டுல இருந்துச்சுங்க. சூட்டுல உருகிப்போயிருமேன்னு எடுத்து வெச்சேன்,” என்றார் இஸ்திரிக்காரர், தாளாமல்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அங்கே கிடந்த பழைய பேப்பரின் பொடி எழுத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து பூச்சி பூச்சியாகத் தெரிந்த எழுத்தெல்லாம் நிமிர்ந்து நின்றது.

“எனக்கு நாப்பத்தி ஒம்பது வயசு, சசி. எனக்குச் சரியா இருக்கு.”

சசிதர் கோட்டையும் கண்ணாடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “காலேஜ் படிக்கற... நாப்பத்தஞ்சு வயசுப் பொம்பளைங்களா?”

“ம். ஒரு வண்டிக்கு நாலு பங்காளி எதுக்குன்னு இப்பத் தெரியுதா? அந்த மனுசன் வண்டியத் தேடல. ஊட்டுக்காரம்மாவத் தேடறாரு. அதச் சொல்ல வாய் வராம வண்டியச் சொல்லியிருக்காரு.”

“அப்ப மேட்டுப்பாளையம் அண்ணன் ஊடு?”

“அது ஊருக்குச் சொல்றது.”

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கிட்டத்தில் வந்தார். “ஏனுங்க, அந்தம்மா யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லீங்க. திங்கக்கெழம பரிச்சைங்க. உட்டுருங்க,” என்றார்.

பின்னால் ஆம்னியின் ஹாரன் கேட்டது. ஹபீபுன்னிசா அந்த நீள்சதுரத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். ஒதுங்கி வழி விட்டாள்.

*

வண்டி அந்தச் சுத்தமான இடத்துக்குள் ஒரு இம்மி பிசகாமல் வந்து நின்றது. இறங்கிய பெண் முதலில் செங்கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அணை கொடுத்தாள். அதன் பிறகுதான் இவர்களைப் பார்த்தாள். வெள்ளைக் காட்டன் சேலை. கழுத்தில் தாலிக்கொடி, அதற்கு மேல் நீல நாடாவில் காலேஜ் அடையாள அட்டை. அட்டையில் குழந்தையம்மாள், முதலாமாண்டு என்று இருந்தது.

“அவரு அனுப்பிச்சாருங்களா?” என்றாள். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

“ஆமாங்க.”

“வருவீங்கன்னு இருந்தேன். ரித்திகாவுக்கு, எங்க பொண்ணுக்குங்க, தைக் கடைசில நிச்சயம். அம்மாக்காரி இல்லாம சபையில உக்கார முடியாதில்லீங்க. வாங்க, வெயில்ல நிக்க வேண்டாம்.”

பக்கக் கதவைத் தள்ளித் திறந்து, வீட்டுக்கு வந்தவர்களை அழைக்கிற மாதிரி ஒதுங்கி நின்றாள். பின்சீட்டுகள் இல்லை. பலகைக் கட்டில் ஒன்று, மடித்த போர்வை, ஒரு குடம். கூரையிலும் சுவரிலும் அட்டை முட்டைத் தட்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தாள். வெயில் இறங்காமல் இருக்க அது போதுமாம். சட்டப் புத்தகங்கள் ஒரு ரப்பர் பட்டியில் விழாமல் நின்றன. சசிதர் தலையைக் குனிந்து உள்ளே வந்து, எதையும் இடித்துவிடாமல் ஓரமாக உட்கார்ந்தான்.

“ஹாஸ்டல் கெடைக்கலீங்களா?” என்று கேட்டாள் ஹபீபுன்னிசா.

“பொம்பளப் புள்ளைக ஹாஸ்டல்ல வயசு ஜாஸ்தின்னுட்டாங்க. வேலைக்குப் போறவங்க ஹாஸ்டல்ல வேலை லெட்டர் கேட்டாங்க. தனியா ஊடு பார்க்கலாம்னா, அட்வான்ஸக் கேக்கறதுக்கு முன்னால ஊட்டுக்காரரு எங்கங்கறாங்க. ஆர்.எஸ்.புரத்துல ஒரு ரூம் வாடகைக்கு எங்கூர்ல ரெண்டு ஊடு புடிக்கலாம். அதக் குடுக்கறேன்னாலும் புருசன் வேணுமாம். வண்டி ஒண்ணுதானுங்க என்னைய ஒண்ணும் கேக்கல.”

“குளிக்கறதெல்லாம்?”

“பக்கத்துல ஒரு ஜிம்முல மெம்பருங்க. ஆறு மாசமாப் போறேன். ஒரு நாளும் வெயிட்டு தூக்கினதில்ல. போறேன், குளிக்கறேன், வந்தர்றேன். அந்த மாஸ்டரு பாவம், உங்க ஒடம்புல முன்னேற்றமே இல்லீங்களேங்கறாரு.”

சசிதர் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. அது சிரிப்பான விஷயம் என்றே அவளுக்குத் தெரியாது போலிருந்தது.

“ராத்திரில பயமா இல்லீங்களா?”

“மொதல்ல இருந்துச்சுங்க. அப்பறம் ஒண்ணும் தெரியல. எந்திரிக்கறேன், படிக்கறேன், படுக்கறேன். சந்தோசம்னும் சொல்ல முடியாது, துக்கம்னும் சொல்ல முடியாது. புளிக்கொழம்பு சாப்பிட்டா அது புளிக்கொழம்புன்னு தெரியுது, அவ்வளவுதான். உங்களுக்குப் புரியுதுங்களா?”

ஹபீபுன்னிசாவுக்கு நன்றாகவே புரிந்தது. தலையை ஆட்டினாள்.

“அடிச்சாருங்களா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் இல்லீங்க. பேசமாட்டாரு. இருவத்தாறு வருசம் அவரு வெரல் வெச்ச எடத்துல நான் கையெழுத்துப் போட்டேன். என்னன்னு கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல. தபால்ல டிகிரி படிச்சதயே கோழிக்குத் தீனி போட்டுட்டே படிச்சுக்கோன்னுதான் உட்டாரு. வைகாசில ஒரு நாளு கையெழுத்துப் போடறதுக்கு முன்னால காகிதத்தப் படிச்சேன். படிக்கறயான்னு கேட்டாரு. அதுல ஒண்ணுமில்ல, அவரு கேட்ட தோரணைதான். ஆனில அட்மிஷன் போட்டுட்டு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.”

“நாளைக்குப் பங்காளிகளோட வர்றாரு.”

குழந்தையம்மாள் மடியிலிருந்த கையைப் பார்த்தாள். “நாளானிக்குப் பரிச்சைங்க. முடிஞ்சதும் நானே போயிச் சபையில உக்காருவேன், ரித்திகாகிட்டச் சொல்லியிருக்கேன். நாளைக்கு என்னையத் தூக்கிட்டுப் போனா அப்பறம் வாசலத் தாண்ட உடமாட்டாங்க. எனக்குத் தெரியும். என்னையத் தொடாட்டியும், வண்டிய எடுத்துட்டுப் போனாலே போதும். நான் படுக்க எடமில்லாம ஊருக்கே பஸ் ஏறிருவேன்.”

“அவரு வண்டிதானுங்களே,” என்றான் சசிதர், மெதுவாக.

“அவரு அப்படித்தான் நெனச்சுட்டிருக்காரு.” எழுந்து, ரப்பர் பட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தாள். “பொம்பளைக பேர்ல வாங்கினா மானியம் உண்டுன்னு எவனோ சொல்லியிருக்கான். அதுக்காகப் பண்ணை, வண்டி எல்லாத்தையும் என்ற பேர்ல போட்டாரு. போட்டதோட மறந்துபோட்டாரு. அன்னிக்கு அப்பறம் நான் தேடிப் படிச்ச மொதக் காகிதம் அதுதானுங்க.”

ஆர்.சி.யில் உரிமையாளர் என்ற இடத்தில் குழந்தையம்மாள் என்று அச்சாகியிருந்தது. ஹபீபுன்னிசா இஸ்திரிக்காரரிடமிருந்து கொண்டுவந்த கண்ணாடியைப் போட்டு இன்னொரு தரம் படித்தாள்.

“பண்ணையும் உங்க பேர்ல, வண்டியும் உங்க பேர்ல. வண்டிய மட்டும் எடுத்துட்டு வந்திருக்கீங்க,” என்றான் சசிதர்.

“பண்ணைய ஓட்டிட்டு வர முடியாதில்லீங்க தம்பி.”

*

தெருமுனை பேக்கரியில் இரண்டு டீ சொல்லிவிட்டு சசிதர் ஆரம்பித்தான். “கெடைக்கலன்னு சொல்லிரலாமுங்க்கா. ஆர்.எஸ்.புரத்துல முப்பது தெரு, எந்த மரம்னு யாருக்குத் தெரியும்?”

“பொய் ரிப்போர்ட் குடுக்கறதில்ல.”

பீர் முகம்மது வைத்துவிட்டுப் போன ஒரே சட்டம் அது. அதற்காக அவர் பல தடவை வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறார். அவரோடு வாழ்ந்த காலத்தில் அவளுக்கு அது எரிச்சலாகக்கூட இருந்ததுண்டு.

“உண்மையச் சொன்னா அந்தம்மா காலி,” என்றான் சசிதர். முதல் தடவையாக அவன் குரலில் கிண்டல் இல்லை.

அவள் ஆறுச்சாமியின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். ஒரே மணியில் எடுத்தார்.

“வண்டி கெடைச்சுருச்சுங்ணா.”

“எங்கிட்டுங்க? உள்ள...”

“களவு போகலீங்க. வண்டி அதோட ஓனர்கிட்டத்தான் இருக்கு.”

“நாந்தானுங்க ஓனரு!”

“ஊட்டுல எங்கியோ கெடக்குன்னு சொன்ன ஆர்.சி. ஊட்டுல இல்ல. காப்பி இருந்தா எடுத்துப் பாருங்க. மானியத்துக்காக யார் பேர்ல போட்டீங்கன்னு ஞாபகம் வரும். ஓனர் சம்மதம் இல்லாம எந்த எடம்னு சொல்றதுக்கு எங்களுக்கு உரிமை இல்லீங்க. பங்காளிகளக் கூட்டிட்டு வந்து எடுத்தீங்கன்னா, அப்ப அதுதான் களவு. ஓனருக்கு இப்ப அந்தச் சட்டமெல்லாம் தெரியும். ரிப்போர்ட் இவ்வளவுதாங்ணா.”

பண்ணையில் கோழிகள் கொக்கரிப்பது மட்டும் கேட்டது. சசிதர் டீ கிளாசை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடியே இருந்தான். அவன் முகத்தில் ஜெயித்துவிட்டோம் என்ற சிரிப்பு மெல்ல வந்துகொண்டிருந்தது.

“ஏனுங்க,” என்றார் ஆறுச்சாமி. குரல் இறங்கியிருந்தது. “அந்த வண்டியில சைடு கதவு லாக்கு புடிக்காதுங்க. வெளிய நின்னு ஒரு தட்டுத் தட்டினா தொறந்துக்கும். சரி பண்ணிட்டாளா?”

ஹபீபுன்னிசா போனைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

பதினேழு வருடத்தில் எத்தனையோ குரல்களைக் கேட்டு, இது பொய், இது நிஜம் என்று அரை நிமிடத்தில் சொல்லியிருக்கிறாள். இந்தக் குரல் பிடிபடவில்லை. பெண்டாட்டி ராத்திரி ரோட்டோரத்தில் திறந்த கதவோடு படுத்திருக்கிறாளே என்று பதறுகிற குரலாக இருக்கலாம். நாளைக்கு நான்கு பேரோடு வந்து எப்படிக் கதவைத் திறப்பது என்று கேட்கிற குரலாகவும் இருக்கலாம். ஒருவேளை அந்த மனிதருக்கே எதுவென்று தெரியாமல் இருக்கலாம். ஆர்.எஸ்.புரம் என்று ஏற்கெனவே அவருக்குத் தெரியும். இவர்களுக்கு மூன்றே இஸ்திரிக்காரர்கள் தேவைப்பட்டார்கள், அவருக்கும் மூன்றே போதும்.

“தெரியலீங்ணா,” என்றாள். போனை வைத்தாள்.

மரத்துக் கிடந்த இடத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. இன்னதென்று கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பயம். ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒன்று வந்திருக்கிறது, அது பயமாக இருந்தது. யாரோ ஒருத்திக்காக வந்த பயம். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள், நாக்கைச் சுட்டது. சுடுவது தெரிந்தது.

“பாசமாத்தானுங்க்கா கேக்கறாரு?” என்றான் சசிதர். சிரிப்பு போய்விட்டிருந்தது. “இல்லீங்களா?”

“எதுவா இருந்தாலும் பூட்டு வேணும். வண்டிப் பூட்டு பார்க்கற ஆளு யாராச்சும் தெரியுமா?”

“உக்கடத்துல ஒருத்தரு இருக்காரு. இப்பவேங்களா?”

“இப்பவே வரச் சொல்லு. பழைய லாக்கக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாத்தணும்னு சொல்லு.” அவள் எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஸ்கூட்டர் இருந்த பக்கம் நடக்கத் தொடங்கினாள். “சாவி எத்தனை வந்தாலும் அத்தனையையும் அந்த அம்மிணி கையிலயே குடுக்கச் சொல்லு.”